அறக்கட்டளையா, சங்கமா, கம்பெனியா? தொண்டு அமைப்பைப் பதிவு செய்வதற்கு முன்

ஊரில் ஒரு நல்ல காரியம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பள்ளியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நாற்பது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறார்கள். அடுத்த வருடம் மாலை நேர வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடித்து, டிகிரி முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் முழுவதும் எட்டுப் பேரில் ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு ஜிபேயில் வருகிறது. அவர் நேர்மையானவர். மாதாமாதம் கணக்கைக் குழுவில் போடுகிறார். யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவருடைய நேர்மை வங்கிக்கும் அரசுக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். அந்தக் கணக்கில் வருடத்துக்கு நான்கு லட்சம் வந்து போனால், வருமான வரித் துறை அதை அவருடைய பணம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். நாளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது அவருடைய வாரிசுகளின் பணம். கட்டடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றால் யார் பேரில் எழுதுவது? டீச்சருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? ஒரு கம்பெனி உதவ முன்வந்தால் காசோலையில் என்ன பெயர் எழுதும்? இந்தக் கேள்விகள் வரும் நாளில்தான் "நாமும் ஒரு என்.ஜி.ஓ. பதிவு பண்ணிடலாமா" என்ற பேச்சு எழுகிறது.

அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் என்ன நடைமுறை என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மற்ற மாநிலங்களில் சில விஷயங்கள் மாறும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். என்.ஜி.ஓ. என்ற பெயரில் பதிவு எதுவும் கிடையாது. தொண்டு நிறுவனம், தன்னார்வ அமைப்பு என்பதெல்லாம் நாம் பேச்சில் சொல்லும் பெயர்கள். சட்டத்துக்குத் தெரிந்தவை முக்கியமாக மூன்று வடிவங்கள்: பொது அறக்கட்டளை, சங்கம், பிரிவு 8 கம்பெனி. மூன்றுக்கும் வரிச் சலுகை ஒன்றுதான். மூன்றும் நன்கொடை வாங்கலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம், ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். ஆகவே "எதில் சலுகை அதிகம்" என்று தேடுவதில் பயன் இல்லை.

நண்பர்கள் என்னிடம் கேட்கும்போது, பெரும்பாலும் எது செலவு குறைவு, எது சீக்கிரம் முடியும் என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது நிற்க வேண்டும்? இன்று தொடங்குபவர்களில் ஒருவரும் ஊரில் இல்லாத நாளில் யார் நடத்த வேண்டும்? இந்த இரண்டுக்கும் நீங்கள் சொல்லும் பதில்தான் வடிவத்தை முடிவு செய்யும். பதிவுச் செலவு ஒருமுறை வருவது. அதிகாரம் யாரிடம் என்ற விஷயம் அமைப்பு இருக்கும்வரை கூடவே வரும்.

அறக்கட்டளை

மூன்றிலும் பழையது, எளியது இதுதான். ஒருவர் ஒரு நோக்கத்துக்காகக் கொஞ்சம் பணத்தையோ சொத்தையோ ஒதுக்கி, அதைச் சிலரிடம் ஒப்படைக்கிறார். ஒதுக்குபவர் நிறுவனர். பெற்றுக்கொண்டு நடத்துபவர்கள் அறங்காவலர்கள், பேச்சு வழக்கில் டிரஸ்டிகள். பலனடைவது பொதுமக்கள் அல்லது அவர்களில் ஒரு பகுதியினர். இதையெல்லாம் எழுதி வைக்கும் ஆவணம்தான் டிரஸ்ட் டீட் என்கிற அறக்கட்டளைப் பத்திரம். ஆயிரம் ரூபாய் போன்ற சிறிய தொகையை மூலநிதியாகக் காட்டித் தொடங்குகிறவர்கள் நிறைய.

இங்கே ஒரு தவறு பல பத்திரங்களில் பார்க்கிறேன். "1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் கீழ்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. குடும்பச் சொத்தை வாரிசுகளின் நன்மைக்காக ஒப்படைப்பது போன்றவை அதில் வரும். பொதுத் தர்ம அறக்கட்டளைகளுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே முதல் பிரிவில் சொல்லிவிடுகிறது. அதன் கொள்கைகளை நீதிமன்றங்கள் எடுத்துக் கையாளுகின்றன, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பத்திரத்தைப் பதிவு செய்தால் போதும். அசையாச் சொத்து இல்லாத அறக்கட்டளைப் பத்திரம் அங்கே 4-ஆம் புத்தகத்தில் ஏறும். அந்த எண்ணும் வருடமும்தான் இனி உங்கள் பதிவு எண்.

வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். நிறுவனர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அடையாள அட்டை, முகவரிச் சான்று, அலுவலக இடத்துக்கான மின் கட்டண ரசீது அல்லது வீட்டுவரி ரசீது, வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். பத்திர எழுத்தர் மூலமாகவோ நீங்களாகவோ பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, டோக்கன் எடுத்துப் போகலாம்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. அறக்கட்டளையில் உறுப்பினர்கள் என்று யாரும் இல்லை, தேர்தல் இல்லை, பொதுக்குழு இல்லை. அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம். அவர்களைக் கேள்வி கேட்க வேண்டுமானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டும், அல்லது அரசுத் தலைமை வழக்கறிஞர் போட வேண்டும். நோக்கத்தை மாற்றுவதும் சுலபமல்ல. நிறுவனரே நினைத்தாலும் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க முடியும் என்று பத்திரத்தில் எழுதினால் வரிச் சலுகை கிடைக்காது.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது தம் சொத்தில் பெரும்பகுதியைத் தர்ம காரியங்களுக்கு உயில் எழுதி வைத்தார். கோயில் கைங்கரியங்களும் அன்னதானமும்தான் அதில் முக்கியம். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் கைகளில் அது பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. பிறகு அன்று சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு ஒரு திட்டம் வகுத்து, தர்மங்கள் போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பியது. 1842-இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி வந்தது அந்தப் பணத்தில்தான். கொடுத்தவர் போய் அரை நூற்றாண்டு கழித்தும் அவர் ஒதுக்கிய பணம் பொதுக் காரியத்திலேயே நின்றது. அதே நேரத்தில், அதை நிமிர்த்த ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. அறக்கட்டளை என்ற வடிவத்தின் பலமும் பலவீனமும் எனக்கு இந்த ஒரு கதையிலேயே தெரிகிறது.

ஒரு குடும்பம் தன் பெற்றோர் நினைவாக உதவித்தொகை கொடுக்க விரும்புகிறது, ஒரு மருத்துவர் தன் இடத்தை இலவச சிகிச்சைக்கு ஒதுக்குகிறார் என்றால் அறக்கட்டளை கச்சிதமாகப் பொருந்தும். சொத்து ஒருவருடையது, நோக்கம் தெளிவு, நடத்துபவர்கள் சிலர்.

சங்கம்

சங்கம் என்பது மனிதர்களால் ஆனது. அறக்கட்டளையின் மையத்தில் சொத்து இருப்பது போல இதன் மையத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இதற்குப் பொருந்தும். 1978-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய 1860-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பெயரைச் சிலர் இன்னும் சொல்வார்கள். இங்கே புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

குறைந்தது ஏழு பேர் வேண்டும். மெமோராண்டம் என்ற அமைப்புக் குறிப்பில் பெயர், நோக்கம், முதல் செயற்குழு இருக்கும். பைலா என்ற சட்டதிட்டத்தில் யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, தேர்தல் எப்படி, வங்கியில் யார் கையெழுத்து போடுவது என்றெல்லாம் வரும். இவற்றை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அறக்கட்டளைக்குப் போகும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இதை எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இருபது பேருக்குக் குறையாத உறுப்பினர்களோடு தொடங்கும் சங்கமோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயைத் தொடும் சங்கமோ கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது. பத்தாயிரம் என்பது 1975-இன் கணக்கு. இன்று ஒரு தெருப் பொங்கல் விழாவுக்கே அது காணாது. ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

செயற்குழுவில் மூன்று பேராவது இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். அப்புறம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சங்கத்துக்குள் கோளாறு என்று தெரிந்தால் 36-ஆம் பிரிவின்படி விசாரணை நடத்தும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு.

இந்தப் பட்டியல் அனுப்பும் வேலையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு சிறு நகரத்தின் வாசகசாலைச் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். தேர்தல் ஒழுங்காக நடந்தது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. ஆனால் நான்கு ஆண்டுகளாக மாறிய நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவாளருக்கு நாங்கள் அனுப்பவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையதும்தான். பழைய செயலாளர் காலமானார். வங்கியில் கையெழுத்தை மாற்றப் போனோம். பதிவாளர் சான்றளித்த பட்டியலைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தப் பட்டியலிலோ இறந்தவரின் பெயர்தான் இருந்தது. விடுபட்ட ஆண்டுகளுக்கான கணக்கையெல்லாம் தணிக்கை செய்து, தாமதக் கட்டணம் கட்டி, எல்லாம் நேராக ஏழு மாதம் ஆனது. அதுவரை நூலகருக்குச் சம்பளத்தை நாங்கள் நான்கு பேர் கையிலிருந்து கொடுத்தோம். அந்த ஏழு மாதத்தில் அவர் ஒருநாள்கூடக் கதவைத் திறக்கத் தவறவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனாலும் சங்கம் என்ற வடிவத்தின் மீது எனக்குப் பிரியம் உண்டு. முன்னாள் மாணவர்கள், குடியிருப்போர், விளையாட்டுக் குழு, ஏரியைக் காக்கும் ஊர்க்காரர்கள் என்று பலர் சமமாகச் சேர்ந்து செய்யும் வேலைக்கு இதுதான் நியாயமானது. ஒருவருக்கு ஒரு வாக்கு. பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். நோக்கத்தையோ பைலாவையோ மாற்ற வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் பதியலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இதன் ஆபத்தும் இதே இடத்தில்தான். நிறையப் பேரைக் கடைசி நேரத்தில் உறுப்பினராக்கித் தேர்தலில் ஜெயித்து, தொடங்கியவர்களை வெளியே தள்ளிவிடலாம். அதனால் யார் உறுப்பினராகலாம், சேர்ந்து எவ்வளவு காலம் கழித்து வாக்களிக்கலாம் என்ற இரண்டு விதிகளையும் பைலாவில் நிதானமாக யோசித்து எழுத வேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரிப் பைலாவைப் பெயர் மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

பிரிவு 8 கம்பெனி

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, லாபத்தைப் பங்கிடாத, பொதுநல நோக்கமுள்ள கம்பெனிகளை அனுமதிக்கிறது. பழைய 1956 சட்டத்தில் இதுவே 25-ஆம் பிரிவாக இருந்தது. தனியார் கம்பெனி வடிவில் என்றால் இரண்டு பேர் போதும். குறைந்தபட்ச மூலதனம் என்று எதுவும் இல்லை. பெயரில் பிரைவேட் லிமிடெட் என்று போட வேண்டியதில்லை, பவுண்டேஷன், கவுன்சில், அசோசியேஷன் என்று முடிக்கலாம். விண்ணப்பம் முழுவதும் மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில், மின் கையொப்பத்தோடு.

நன்மை என்னவென்றால் நிர்வாகம் பளிச்சென்று இருக்கும். இயக்குநர்கள் யார், கணக்கு என்ன என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பெரிய நன்கொடையாளர்களுக்கு இது பிடிக்கும். இந்தியா முழுவதும் வேலை செய்யப் போகிறவர்களுக்கும் வசதி. ஆனால் முதல் நாளிலிருந்தே ஆடிட்டர் வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் நிதி அறிக்கையும் ஆண்டு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு வேறு கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு லட்சம் புழங்கும் மாலை வகுப்புக்கு இது தாங்காத சுமை என்றுதான் சொல்வேன். ஆடிட்டருக்கும் கம்பெனி செயலருக்கும் கொடுப்பதில் இன்னொரு டீச்சரை வைத்துவிடலாம்.

அந்த எட்டுப் பேருக்கு

சரி, தொடக்கத்தில் சொன்ன எட்டு நண்பர்களுக்கு எது? நோட்டுப் புத்தகம் மட்டும் வாங்கித் தருவதாக இருந்தால், தங்கள் சொந்தப் பணத்தில் அப்படியே தொடரட்டும். எல்லா நல்ல காரியத்துக்கும் பதிவு எண் தேவையில்லை. ஊர்ப் பள்ளியின் பெற்றோர்களோடும் பள்ளி நிர்வாகத்தோடும் சேர்ந்து செய்ய முடிகிற வேலைக்குத் தனி அமைப்பே வேண்டாம்.

மாலை வகுப்பு நிலையாக நடக்க வேண்டும், இன்னும் பத்து வருடம் கழித்து அங்கே படித்த பிள்ளைகளே அதை நடத்த வேண்டும் என்று நினைத்தால் நான் சங்கத்தைச் சொல்வேன். புதிய தலைமுறை உள்ளே வருவதற்கான கதவு அதில்தான் இருக்கிறது. எட்டுப் பேரில் மூன்று பேர்தான் உண்மையில் வேலை செய்வார்கள், மற்றவர்கள் பணம் மட்டும் தருவார்கள், கூட்டம் போட யாருக்கும் நேரம் இருக்காது என்றால் அறக்கட்டளை. கூட்டமே போடாத சங்கத்தை விடப் பொறுப்பான மூன்று அறங்காவலர்கள் மேல். அப்படிச் செய்தால் அறங்காவலர் ஒருவர் விலகினால் அடுத்தவரை யார், எப்படி நியமிப்பது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லா அதிகாரத்தையும் நிர்வாக அறங்காவலர் ஒருவரிடமே ஆயுள்காலத்துக்குக் குவித்துவிடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

லாபம், சம்பளம் பற்றிய குழப்பம்

லாப நோக்கமற்றது என்றால் மிச்சமே பிடிக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரவு செலவு போக மீதம் இருக்கலாம். அதை நிறுவனரோ உறுப்பினரோ பங்கு பிரித்துக்கொள்ளக் கூடாது, மறுபடி அதே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், அதுதான் விதி. வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் தாராளமாகக் கொடுக்கலாம். அறங்காவலரோ அவருடைய உறவினரோ வேலை செய்து சம்பளம் வாங்கினால், அது அந்த வேலைக்கு வெளியே கிடைக்கும் நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வரிச் சலுகைக்கே ஆபத்து. தொண்டு என்ற பேரில் டீச்சர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பிச்சைக்காசு கொடுப்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வரி

பதிவு செய்தவுடன் வரி விலக்கு வந்துவிடாது. அமைப்பின் பேரில் பான் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கி, பிறகு வருமான வரித் துறையில் தனியாக இரண்டு பதிவு கேட்க வேண்டும். ஒன்று அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு, இன்னொன்று நன்கொடை தருபவருக்கு, அவருடைய வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து அந்தத் தொகைக்குக் கழிவு. பேச்சில் 12ஏ, 80ஜி என்பார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதால் பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கின்றன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்கள்தான்.

புது அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு. வேலையைத் தொடங்கிய பிறகு முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுக்கு, சிறிய அமைப்புகளுக்குப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். தேதியைத் தவறவிட்டால் விலக்கு போவதோடு நிற்காது. அமைப்பின் சொத்துக்குச் சந்தை மதிப்பு போட்டு அதன்மீதே வரி விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தக் காலாவதித் தேதியை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு இருந்தாலும் அந்தந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். மீதி 15 சதவீதத்தைக் கேள்வி இல்லாமல் சேர்த்து வைக்கலாம். கட்டடம் கட்டுவது போன்ற பெரிய காரியத்துக்கு அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமானால் முன்கூட்டியே துறைக்குத் தெரிவித்துவிட்டுச் செய்ய வழி உண்டு. நன்கொடை தருபவருக்குப் பொதுவாகத் தொகையில் பாதி கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அதனால் "80ஜி ரசீது தருகிறோம்" என்ற ஒரு வார்த்தையை நம்பி நிதி திரட்டத் திட்டம் போட வேண்டாம்.

பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியை எதிர்பார்க்கிறவர்கள் இந்த இரண்டு வரிப் பதிவும், மூன்று ஆண்டு வேலை அனுபவமும், கம்பெனி விவகாரத் துறையில் தனிப் பதிவு எண்ணும் வைத்திருக்க வேண்டும். முதல் வருடமே அது கிடைக்காது.

சிங்கப்பூர் மாமாவின் பணம்

நம் ஆட்கள் தெரியாமல் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஐம்பதாயிரம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? அவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே வேலை பார்க்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வேறு குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. பிறந்தது இதே ஊராக இருந்தாலும், வேறு குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும், லீவில் வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. புது அமைப்பு ஒரு குறிப்பிட்ட கொடையாளரிடம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு வாங்க வேண்டுமென்றால் முன் அனுமதி கேட்கலாம். பதிவும் அனுமதியும் இல்லாமல் வாங்கினால் வழக்கு வரை போகும். மாமா மனம் வருந்துவாரே என்று வாங்கிவிட வேண்டாம். விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

எழுதும்போது

எந்த வடிவமானாலும் ஆவணத்தில் இரண்டு பகுதிகளுக்கு நேரம் செலவழியுங்கள். ஒன்று, நோக்கம். "கல்வி, மருத்துவம், விவசாயம், ஆன்மிகம் மற்றும் இதர" என்று உலகத்தையே அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. வரி அதிகாரி வேலைக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு பார்ப்பார். மிகக் குறுக்கி எழுதினாலும் கஷ்டம். "இந்த ஊரின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வகுப்பு" என்று மட்டும் எழுதினால் நாளை பக்கத்து ஊரில் ஒரு நூலகம் வைக்க முடியாது. "இந்த வட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் வாசிப்புக்கும் உதவுதல்" என்ற அளவு போதும். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதினால் வரிச் சலுகையில் சிக்கல் வரும். எல்லோருக்கும் என்று எழுதுவதுதான் நியாயமும்கூட.

இரண்டாவது, கலைப்பு விதி. அமைப்பை மூட நேர்ந்தால் மிச்சம் இருப்பது உறுப்பினர்களுக்கோ அறங்காவலர்களுக்கோ போகாமல் இதே போன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்று எழுத வேண்டும். இது இல்லாத ஆவணத்தை வரித்துறை திருப்பி அனுப்பும், பிறகு திருத்தப் பத்திரம் போட இன்னொரு அலைச்சல். தொடங்கும் நாளிலேயே மூடுவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு அபசகுனமாகப் படுகிறது. ஊரார் பணத்தை வாங்குகிறோம், அதன் கடைசி ரூபாய் எங்கே போகும் என்பதைச் சொல்லிவிட்டு வாங்குவோம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நகல் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு விதியிலும் "நாம் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டால் இது என்ன செய்யும்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் புரியாத வாக்கியம் இருந்தால் அதைப் புரியும்படி மாற்றி எழுதுங்கள். பதிவன்று சான்றிட்ட நகல் மூன்று கேட்டு வாங்கிவிடுங்கள். வங்கி ஒன்று கேட்கும், ஆடிட்டர் ஒன்று கேட்பார், மூன்றாவது மாலை வகுப்பு நடக்கும் அறையிலேயே ஒரு கோப்பில் இருக்கட்டும்.